மீனம்பாக்கத்திலிருந்து திரும்பி வந்த ஆர்மோனியம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஆகஸ்டு 1972, செவ்வாய்க்கிழமை.

கோலாலம்பூரில் எழுந்தருளியிருக்கும் என் மரியாதைக்குரிய கணவர் கலியாணசுந்தரம் அவர்களுக்கு, தையல்நாயகி பி.ஏ. வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், குழந்தை குமாரவேலும், மாமாவும், உங்கள் அக்காவும், தாங்கள் உயிராய் மதிக்கும் ஆர்மோனியமும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் சௌக்கியமாயிருக்க ஏகாம்பரநாதரும் காமாட்சியும் துணையிருப்பார்களாக. முறைப்படி எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் தந்தி வந்து சேர்ந்தது. தந்திக்காரன் சைக்கிள் மணி கேட்டதுமே தெருவில் பாதித் தறிகள் நின்றுவிட்டன. உங்கள் அக்கா பெரியநாயகி, உறையைப் பிரிப்பதற்கு முன்பே, மார்பில் அடித்துக்கொள்ள வசதியாகக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நான்தான் படித்தேன். 'ஏன் வரவில்லை, ஆர்மோனியம் பத்திரமா' என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவி பத்திரமா, குழந்தை பத்திரமா என்றெல்லாம் கேட்டால் தந்தி நீண்டுவிடும் என்று சுருக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் தமிழில் சொன்னதும் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் புள்ளைக்குப் பொருள் மேல எவ்ளோ அக்கற பாரு" என்றார். அன்றைக்கே பதில் எழுதியிருக்கலாம். அன்று எழுதியிருந்தால் மலேயா சர்க்கார் அந்தக் கடிதத்தை நாட்டுக்குள் விட்டிருக்காது. கோபம் ஆறட்டும் என்று ஒத்திப்போட்டேன். ஆறுகிற வழியைக் காணோம். ஆகையால் எழுதுகிறேன்.

முதலில் தாங்கள் போன மாதம் எழுதிய கடிதம். அதில் எனக்கு அரை வரி, 'ஜாக்கிரதையாகப் புறப்பட்டு வா' என்று. குழந்தைக்கு ஒரு வரி. மிச்சமிருந்த காகிதம் முழுவதும் ஆர்மோனியத்துக்கு. அதன் மேல் ஈரம் படக்கூடாது, வெயில் படக்கூடாது, தலைகீழாகக் கவிழ்க்கக்கூடாது, அதன் மேல் யாரும் உட்காரக்கூடாது. நான் நிறைமாதமாக இருந்தபோது என்னைப் பற்றி இந்த மாதிரி யாருக்காவது ஒரு கார்டு போட்டிருப்பீர்களா? அங்கே முருகன் கோவில் பஜனை கோஷ்டியில் உங்களை ஆர்மோனியக்காரராகச் சேர்த்துக்கொண்டார்களாம், கையில் பெட்டி இல்லாததால் ஜால்ரா தட்டிக்கொண்டிருக்கிறீர்களாம். உங்களுக்கு வாசிக்கத் தெரியும் என்று அவர்களிடம் யார் சொன்னது என்பதை மட்டும் எழுதவில்லை. நீங்கள் புறப்பட்டுப் போனதிலிருந்து நம் தெரு பஜனைக் கூடத்தில் கூட்டம் அதிகமாகியிருக்கிறது என்ற செய்தியை, உங்கள் மனம் நோகக்கூடாதென்று இதுவரை மறைத்து வைத்திருந்தேன். இனி மறைக்கப்போவதில்லை. பெட்டியும் உங்களுக்கு ஏற்ற பெட்டிதான். மூன்றாவது கட்டை ஊமை. அதற்குப் பக்கத்துக் கட்டை, யாரும் தொடாமலே, துருத்தியில் காற்றுப் போனதும் தானாக 'ஙொய்ங்' என்று ஓலமிடும். அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளக்கூடாதா என்று கேட்டதற்கு, 'அந்த நாதம் வராது' என்று பதில் போட்டீர்கள். வராதுதான். எந்தக் கடைக்காரன் அப்படிப்பட்ட நாதத்தைத் துணிந்து விற்பான்?

என் கவலை வேறு. குமாரவேல் பிறந்தபோது தாங்கள் இங்கே இல்லை. இப்போது அவன் நடக்கிறான், ஓடுகிறான், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டையை உருவிக்கொண்டுபோய் வாயில் வைத்துக்கொள்கிறான். அப்பாவை மட்டும் பார்த்ததில்லை. தாங்கள் அனுப்பிய போட்டோவைக் காட்டலாம் என்றால் அதில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, யாருடைய மோட்டார் சைக்கிள் மீதோ கையை ஊன்றிக்கொண்டு, வழிப்பறிக்காரன் மாதிரி நிற்கிறீர்கள். குழந்தை ஒரே ஒரு தடவை பார்த்தான், அன்றைக்கே ஜுரம் வந்துவிட்டது. நாங்கள் அங்கே வந்து இறங்கி, நீங்கள் ஆசையாகக் கையை நீட்டும்போது, இவன் வீறிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் இத்தனை மாதமாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் கவலை. உங்கள் அக்காவிடம் சொன்னேன். "இதுக்கின்னாம்மா தையலு, அவன் பெட்டியக் காட்டிப் பழக்கினா போவுது" என்று, தினமும் விளக்கு வைத்ததும் குழந்தையை ஆர்மோனியத்தின் முன்னால் உட்காரவைத்து, "இதான் கண்ணு அப்பா பெட்டி, கும்புடு போடு" என்று பழக்க ஆரம்பித்தார். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பின்னால் சொல்கிறேன். இதில் எங்களுக்கு அங்கே வரத் தந்த பெர்மிட் வேறு இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் வந்து இறங்காவிட்டால் மறுபடி மனுப் போட வேண்டும், அது எப்போது கிடைக்கும் என்று அந்த மந்திரிக்கே தெரியாது என்று எழுதியதும் தாங்கள்தான்.

விமானத்தில் இன்ன கனம்தான் கொண்டுபோகலாம் என்று டிக்கெட் கொடுத்தபோதே சொல்லியிருந்தார்கள். இதைக் கேட்டதும் மாமா, நெசவாளிகளுக்குப் பட்டு நிறுத்துக் கொடுக்கிற தராசை இறக்கிவிட்டார். ஆர்மோனியம் அதில் ஏறாது. ஏறாத பொருளை நிறுக்க முடியாது, நிறுக்க முடியாத பொருளுக்குக் கனம் கிடையாது என்பது மாமாவின் சித்தாந்தம். ஆகவே அதை ஒதுக்கி வைத்துவிட்டு, என் சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டார். நூல் வாங்க வந்த ஆட்களெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்க, "பாவாட, கனம்! ஒண்ணு கொறைச்சுக்கோம்மா!" என்று அவர் கூவியதை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். ஊறுகாய் ஜாடி கழிந்தது. இஸ்திரிப் பெட்டி கழிந்தது. குழந்தையின் பால் பவுடரில் ஒரு டப்பா கழிந்தது. கடைசியில் சட்டம் போட்ட என் பி.ஏ. சர்டிபிகேட்டைத் தட்டில் வைத்தார். தட்டு இறங்கிற்று. "கண்ணாடியோட இருக்குது, கனம். அங்க எவன் வந்து கேக்கப்போறான்? கேட்டா வாயால சொல்லிக்கோ" என்று எடுத்துத் தனியே வைத்துவிட்டார். என் படிப்புக்கு இந்த வீட்டில் கனம் உண்டு என்று ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்தது பெட்டியைக் கட்டின வைபவம். தறி வேலை செய்கிற ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு மரக்கூண்டு அடித்தார்கள். பெட்டி ஆடாமலிருக்கச் சுற்றிலும் எதையாவது அடைக்க வேண்டும். மற்ற வீடுகளில் வைக்கோலை அடைப்பார்கள், பழைய வேட்டியை அடைப்பார்கள். நம் வீட்டில் பழைய வேட்டியை உங்கள் அப்பா கட்டிக்கொண்டிருக்கிறார், வைக்கோலுக்கு நாம் மாடு வைத்துக்கொள்ளவில்லை. கேட்பாரற்றுக் கிடப்பது தறிக்கடியில் விழுகிற பட்டுக் கழிவு ஒன்றுதான். அதை உங்கள் அக்கா வாரி வாரி அடைத்தார். அதில் சரிகைத் துணுக்குகள் மினுமினுவென்று கிடப்பதைப் பார்த்து, "அண்ணி, சரிகையைப் பொறுக்கிட்டாவது வைங்க, ஏர்போர்ட்ல தங்கம் கிங்கம்னு கேட்கப்போறாங்க" என்று நான் சொல்லத்தான் சொன்னேன். "பொறுக்கிக்கினு இருந்தா பிளேனு நிக்குமா? கழிவப் பாத்து எவனாவது தங்கம்னுவானா? காலேஜில படிச்சதெல்லாம் பயந்தாங்கொள்ளியா பூடுச்சுங்க" என்றார்.

அதற்குப் பிறகு மாமா கயிறு கட்டினார். கடைக் கயிறு இல்லை, தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவில் மிஞ்சிப்போன இழைகளைத் திரித்து அவரே முறுக்கிய கயிறு. அதைக் கூண்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டி முடித்தார். முடிச்சு எங்கே என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். "முடிச்சு போடறவனாம்மா நானு?" தறியில் ஒரு பாவு தீரும்போது, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு வைத்து, சாம்பலைத் தொட்டு விரலால் முறுக்கிப் பிணைப்பார்களே, முடிச்சே தெரியாதே, அந்த வேலையைக் கயிற்றில் காட்டியிருக்கிறார். ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. "அந்தப் பிரம்மாவே வந்தாலும் நுனி கெடைக்காது" என்று கூண்டைத் தட்டிக் காட்டினார். ஊரில் சொன்ன பொய்களுக்கெல்லாம் பரிகாரமாக அந்த ஒரு உண்மையை அன்றைக்குச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கௌஸ் பாஷாவின் டாக்சியில் புறப்பட்டோம். முன் சீட்டில், பாஷாவுக்குப் பக்கத்தில், ஆர்மோனியம். பின் சீட்டில் மாமா, உங்கள் அக்கா, நான், என் மடியில் குழந்தை, குழந்தையின் மடியில் வெற்றிலைப் பாக்குத் தட்டு. வெளிநாடு போவது யார் என்று வழியில் எட்டிப் பார்த்தவர்கள் ஆர்மோனியத்துக்குத்தான் கையசைத்திருப்பார்கள். ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் அது 'ஙொய்ங்' என்றது. "இன்னா மொதலியாரே, கொயந்த கம்முனு வருது, பெட்டிதான் ஊருக்குப் போமாட்டேன்னு அழுவுது" என்றார் பாஷா. "வாய மூடிக்கினு ஓட்டுபா, அபசகுனமா பேசாத" என்று உங்கள் அக்கா அதட்டினார். ஒரு சகுனத்தைச் சரியாகப் படித்த மனிதர் அந்த வண்டியில் பாஷா ஒருத்தர்தான்.

மீனம்பாக்கத்தில் மாமாவையும் உங்கள் அக்காவையும் கம்பித் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, நானும் குழந்தையும் சாமான்களும் உள்ளே போனோம். போர்ட்டர் கூண்டைத் தூக்கினான். பெட்டி தன் பழக்கத்தைக் காட்டிற்று. அவன் தடாலென்று கீழே வைத்துவிட்டு எட்டி நின்று, "இன்னாம்மா, உள்ள ஆடு கீடு கட்டி வெச்சிருக்கியா?" என்றான். அந்தப் பக்கமாக வந்த கஸ்டம்ஸ் அதிகாரி, மீசை நேற்றுத்தான் முளைத்திருக்கும், காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிட்டார். இது சங்கீத வாத்தியம், என் கணவருடையது என்று இங்கிலீஷில் விளக்கினேன். "அப்ப தெறந்து காட்டுங்க" என்றார் தமிழில். நுனியைத் தேடினேன். அவர் தேடினார். போர்ட்டர் தேடினான். கூண்டைப் புரட்டினோம், நிமிர்த்தினோம், கவிழ்த்தோம் (தாங்கள் கவிழ்க்கக்கூடாது என்று எழுதியிருந்தது அப்போது ஞாபகம் வந்தது, இன்னொரு தடவை கவிழ்த்தேன்). ஒவ்வொரு புரட்டலுக்கும் அது உயிர் போகிற மாதிரி ஓலமிட, கூட்டம் கூடிவிட்டது. ஒரு வெள்ளைக்காரி படம்கூட எடுத்துக்கொண்டாள். "நாலு வருஷம் காலேஜ்ல படிச்சிருக்கேன்றீங்க, ஒரு கட்டுப் பிரிக்கத் தெரியலியா?" என்று கேட்டுவிட்டு அதிகாரி கத்தி கொண்டுவரச் சொன்னார்.

கத்தி வெளியே வந்ததுதான் தாமதம், கம்பித் தடுப்பிலிருந்து மாமாவின் கூக்குரல். "ஐயோ, இழையில கத்தி வெக்காதீங்க! ராகுகாலம் சார், ராகுகாலம்!" தறியிலிருந்து சேலையை அறுப்பதற்குக்கூட நல்ல நேரம் பார்க்கிற வீடு நம்முடையது என்பது அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? "யாரும்மா அவங்க?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஆமாம், சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். "தையலு! சாருக்கு நல்லா எடுத்துச் சொல்லும்மா! மாமாவ உள்ள உடச் சொல்லும்மா!" என்று உங்கள் அக்கா அடுத்த நொடியே என் முகத்தில் கரியைப் பூசினார்.

மாமாவை உள்ளே விட்டார்கள். வழவழவென்று துடைத்து வைத்திருந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூண்டை மடிக்கு இழுத்துக்கொண்டு, அந்த அதிகாரியை நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் சாம்பல் கெடைக்குங்களா சார்?" என்றார். விமான நிலையத்தில் சாம்பல் கேட்ட முதல் பிரயாணி வீட்டார் நாமாகத்தான் இருப்போம். கிடைத்தது. பிரயாணிகள் சிகரெட் தட்டுகிற தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதைத் தொட்டு விரலில் தேய்த்துக்கொண்டு, வேலையைத் தொடங்குவார் என்று பார்த்தால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். "ஏன் பெரியவரே?" "இன்னும் கொஞ்சம்தான் சார், ராகுகாலம் போயிடட்டும். பிரிக்கறதும் அறுக்கறதும் ஒண்ணுதான்." அதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், உடனே வந்து விமானத்தில் ஏறும்படி. தடுப்புக்கு வெளியே உங்கள் அக்கா பக்கத்திலிருந்தவர்களிடம், "எங்க ஊட்டுப் பொண்ணு பேருதான் ரேடியோவுல சொல்றாங்க!" என்று பூரித்துக்கொண்டிருந்தார்.

ராகுகாலம் ஒருவழியாகத் தொலைந்தது. மாமாவின் விரல் கயிற்றில் ஓடி, எங்கேயோ ஒரு இடத்தில் நின்று முறுக்கு விட்டதும், கட்டு முழுவதும் தானாக அவிழ்ந்து விழுந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். மாமா அதற்குக் கும்பிடு வேறு போட்டார். அதிகாரி கூண்டுக்குள் கையை விட்டார். பட்டு வந்தது. இழுத்தார். இன்னும் வந்தது. கூடவே மினுமினுவென்று சரிகையும் வந்தது. அவர் இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது, மாயாஜாலக்காரன் வாயிலிருந்து காகிதம் வருகிற மாதிரி. அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். "இது என்னம்மா?" "குப்பை சார்" என்றேன். "வெறும் கழிவு. பெட்டி ஆடாமல் இருக்க வைத்தது." "கழிவா? தங்க நூல் மாதிரி இருக்கு?" "பளபளப்பாகத்தான் இருக்கும் சார், ஒன்றுக்கும் உதவாது" என்று நான் அவரை அந்த எண்ணத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன். ஏறக்குறைய இறங்கிவிட்டார். அப்போது தரையில் உட்கார்ந்திருந்த உங்கள் தகப்பனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாம்மா ஒதவாதுன்ற? சார், நம்ம தறியில டூப்ளிகேட்டு சரிகையே கெடையாது. அசல்! வெள்ளிக் கம்பி மேல சொக்கத் தங்கம்! ஒரச வேணும்னாலும் ஒரசிப் பாத்துக்கோங்க, கோதண்டபாணி மொதலியாருன்னு காஞ்சிபுரத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க!"

கேட்டார்கள். பெரிய அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதாம், அதைப் பற்றி நான் காலேஜில் ஒரு கட்டுரையே எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். பெரிய அதிகாரி நல்ல மனிதர். கழிவைக் கையில் எடுத்துப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், சாம்பல் தட்டைப் பார்த்தார், விஷயத்தைப் புரிந்துகொண்டார். "அம்மா, இதைப் பொறுக்கிப் பார்க்கறதுக்குள்ள உங்க பிளேன் போயிடும். பெட்டியை இங்கயே விட்டுட்டு நீங்களும் குழந்தையும் ஏறுங்க. கழிவை எடுத்துட்டு வந்தா பெட்டியை இன்னொரு நாள் அனுப்பிக்கலாம்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஆர்மோனியம் இல்லாமல் வருவதற்கு சர்க்காரே உத்தரவு போடுகிறது! நீங்கள் ஏன் என்று கேட்டால் சட்டத்தைக் காட்டலாம்! குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தேன்.

"அப்பா!" என்றான் குமாரவேல்.

அந்தச் சொல்லை அவன் அதுவரை சொன்னதே இல்லை. 'அத்தை' என்பான், 'தாத்தா' என்பான், தறியைப் பார்த்து 'டக்கு டக்கு' என்பான். இதை எங்கே வைத்திருந்தானோ தெரியவில்லை. "அப்பா! அப்பா!" என்று, மீனம்பாக்கம் முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு, என் இடுப்பை விட்டு வழுக்கி இறங்கி ஓடினான். சின்ன அதிகாரி பாவம், சுற்றுமுற்றும் பார்த்து, "குழந்தையோட அப்பா வந்திருக்காராம்மா? எங்கே?" என்று கேட்டார். குழந்தை பட்டுக் கழிவில் முழங்காலளவு இறங்கி ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டான். அவன் கை பட்டுத் துருத்தி அசைந்தது. பெட்டி 'ஙொய்ங்' என்றது. அவன் அழுகையை நிறுத்திச் சிரித்தான். அந்த அதிகாரி ஒரு தடவை பெட்டியைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் பையைக் கீழே வைத்தேன். "நாந்தான் சார் பழக்கினேன்!" என்று தடுப்பிலிருந்து ஒரு குரல் மட்டும் பெருமையாக வந்தது.

நான் ஏறவில்லை. இதை நானே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் அக்கா வேறு மாதிரி எழுதுவார். ஏறியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. குழந்தையைப் பெட்டியிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போய் இறங்கினால் எதிரே யார்? கறுப்புக் கண்ணாடி! ஒரு அப்பாவை இங்கே கஸ்டம்ஸில் விட்டுவிட்டு, இன்னொருத்தரைப் பார்த்து 'இவர்தான் அப்பா' என்று ஒரு குழந்தையிடம் ஒரே நாளில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஆர்மோனியத்தின் மேல் எனக்குக் கரிசனம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். விமானம் எங்கள் தலைக்கு மேல்தான் போயிற்று. குழந்தை அதற்கும் கையசைத்தான். பாஷா டாக்சிக் கதவைத் திறந்துவிட்டு, "பிளேனுக்கு வர்றவங்கள எறக்கி உட்டுட்டு காலி வண்டிதான் ஓட்டினு போவேன். அனுப்ப வந்தவங்களையும் போவ வந்தவங்களையும் சேத்து ஏத்தினு போறது இதான் மொதோ தபா மேடம்" என்றார். ஆர்மோனியம் மறுபடி முன் சீட்டில் ஏறிக்கொண்டது.

கழிவை எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுவந்தால் அடுத்த விமானத்தில் இடம் தருவதாக விமானக் கம்பெனியில் சொன்னார்கள். தரட்டும். நான் தீர்மானித்துவிட்டேன். இன்று காலை பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டாகிவிட்டது. குழந்தை அதை மறக்க வேண்டும், அப்பா என்றால் மரமும் தோலும் இல்லை, மனுஷன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் போட்டோவில் கறுப்புக் கண்ணாடியின் மேல் வெள்ளை மசியால் நானே இரண்டு கண் வரைந்து, தினமும் காட்டப்போகிறேன். (கொஞ்சம் மாறுகண்ணாக வந்துவிட்டது. மன்னிக்கவும்.) அது எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும், பெர்மிட் போனால் போகட்டும், மறுபடி மனுப் போட்டுக்கொள்ளலாம். அதுவரை நாங்கள் வருவதாக இல்லை. ஆர்மோனியம் இல்லாமல் உங்கள் கோஷ்டி நடக்காதென்றால், லீவு போட்டு நேரில் வந்து எடுத்துக்கொண்டு போகவும். வந்த இடத்தில் மனைவியும் குழந்தையும்கூட இருக்கக் காண்பீர்கள்.

மாமா தங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார். தாங்கள் உடம்பை இளைக்கவிடாமல் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டுமென்று உங்கள் அக்கா சொல்லச் சொன்னார். நான் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. எல்லாம் வல்ல காமாட்சி தங்களுக்கு நீண்ட ஆயுளும், சங்கீதத்தில் கொஞ்சமாவது முன்னேற்றமும் அருள வேண்டுமென்று பிரார்த்திக்கும்,

தங்கள்,
தையல்நாயகி.

பின்குறிப்பு: வியாழக்கிழமை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன். பெட்டியைப் பரணில் போட்டது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. குழந்தை பரணுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, வாயில் ஒரு பருக்கை வாங்க மாட்டேன் என்றான். "அப்பா எங்கடா?" என்று யார் கேட்டாலும் மேலே கையைக் காட்டினான். நூல் வாங்க வந்த ஜெயம்மாள் அதைப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "எப்பம்மா ஆச்சு, எனக்குத் தாக்கல் சொல்லி அனுப்பலியே" என்று அழுதுவிட்டாள். இதற்கு மேல் உங்களைப் பரணில் வைத்திருப்பது நன்றாயில்லை என்று நானே ஏறி இறக்கினேன். துருத்தியை அசைத்தேன். அந்தப் பாழாய்ப்போன சத்தம் கேட்டதும் ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டான்.

நாளை வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறோம். தந்தி கொடுத்தாகிவிட்டது. அதே ராகுகாலம்தான். ஆனால் கோலாலம்பூர் கடிகாரப்படி அது அப்போதே முடிந்துபோயிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னதை உங்கள் அக்கா ஒத்துக்கொண்டார். பி.ஏ. அதற்காவது உதவிற்று. அந்த சர்டிபிகேட்டை, கழிவு இருந்த இடத்தில் என் பழைய நூல் புடவைகளோடு செருகியிருக்கிறேன், மாமாவுக்குத் தெரியாது. கயிற்றுக்கு நானே முடிச்சுப் போட்டிருக்கிறேன். பெரிய, அசிங்கமான, யார் கண்ணுக்கும் தெரிகிற முடிச்சு.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் எங்களுக்குப் பிறகுதான் வந்து சேரும். ஆகவே கையிலேயே கொண்டுவருகிறேன், இதற்குக் கனம் கிடையாது. இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்து, இறங்கியதும் முதலில் உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். அங்கேயே நின்று படிக்கவும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளவும். குழந்தையை வாங்கக் கை நீட்ட வேண்டாம். பெட்டியை வாங்கிக்கொண்டு, யார் பார்த்தாலும் பரவாயில்லை, தரையில் உட்கார்ந்து வாசியுங்கள், உங்களுக்கு என்ன வருமோ அதை. அந்த ஓலமிடுகிற கட்டையை ரிப்பேர் செய்கிற எண்ணம் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம், அவனுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். பெட்டியைத் தாண்டி அவன் உங்கள் மடியில் ஏறிவிட்டால், மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் படிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

தை.